அசையாத முள்ளும் அக்காவின் கஞ்சியும்

அந்த வருடம் கிறிஸ்மஸுக்குச் சற்று முன்னால் எங்கள் குளியலறைத் தராசின் முள் அசைய மறுத்தது. தராசில் பழுதில்லை. என் கணவர் ஏறினால் அவருடைய எடையைக் காட்டியது. அரிசி மூட்டையை வைத்தால் அரிசியின் எடையைக் காட்டியது. நான் ஏறும்போது மட்டும் போன கிழமை நின்ற அதே கோட்டில் வந்து நின்றது. குளிர்ச் சட்டையைக் கழற்றிவிட்டு ஏறினேன். தோட்டைக் கழற்றிவிட்டு ஏறினேன். ஒருநாள் தாலிக்கொடியில் கை வைத்தேன். கதவடியில் பல் துலக்கிக்கொண்டு நின்ற கணவர், “இஞ்சேரும், என்னைக் கழட்டி வைச்சும் நிறை குறையாது” என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் அழகுக்காக மெலியப் புறப்பட்டவள் அல்ல. அந்த ஆசைகளை எல்லாம் இரண்டு பிரசவங்களோடும் மொன்றியலின் சென்ட் லோரன்ட் பகுதி மருந்துத் தொழிற்சாலையின் பொதி கட்டும் வேலையோடும் எப்போதோ கைகழுவிவிட்டேன். எனக்கு ஒரு அக்கா இருந்தாள், என்னைவிட நான்கு வயது மூத்தவள். அவளுடைய இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்து, கிழமைக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரி இயந்திரம் ஒன்று அவளுடைய இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தது. என்னுடைய சிறுநீரகம் ஒன்றை அவளுக்குக் கொடுக்கலாமா என்று சோதித்தபோது எல்லாம் பொருந்தியது. இடறியது என் உடம்பின் அகலம் மட்டும்தான். இந்தப் பருமனோடு கத்தி வைப்பது ஆபத்து, இருபது கிலோ குறைத்துக்கொண்டு வாருங்கள், பிறகு பார்க்கலாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

ஆறுதலாகக் குறைத்துக்கொண்டு போக அக்காவிடம் காலம் இல்லை. ஊசி ஏற்றி ஏற்றி அவளுடைய கையின் இரத்தக் குழாய்கள் ஒவ்வொன்றாக அடைபட்டு வந்தன. இறந்தவர்களின் சிறுநீரகத்துக்காகக் காத்திருப்பவர்களின் வரிசை வருடக்கணக்கில் நீண்டது. எங்கள் குளியலறையில் ஒரு முள் எந்தக் கோட்டில் நிற்கிறது என்பதில் அவளுடைய உயிர் இருந்தது. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

தொடக்கத்தில் எல்லாம் நன்றாகத்தான் போனது. சோற்றைப் பாதியாக்கினேன். தேத்தண்ணீரில் சீனியை விட்டேன். தொழிற்சாலை இடைவேளையில் காசு போட்டு எடுக்கும் இனிப்புகளின் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு தரிப்பிடம் முன்னாலேயே பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தேன். கோடை போய் இலையுதிர் காலம் முடிவதற்குள் பன்னிரண்டு கிலோ போய்விட்டது. என் பழைய உடுப்புகள் என் தோளிலிருந்து நழுவின. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வெளியே வந்தால் எங்கள் சனம் சுற்றிக்கொள்ளும். “என்ன, ஆளே பாதியாப் போனீர், ஏதும் வருத்தமோ?” என்பார் ஒருவர். “வீட்டிலை ஏதும் பிரச்சினையோ?” என்று இன்னொருவர் குரலைத் தாழ்த்திக் கேட்பார். மெலிந்தவளைப் பார்த்துச் சந்தோஷப்பட எங்கள் ஆட்களுக்குத் தெரியாது. ஆனால் நான் உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தேன். இன்னும் எட்டுக் கிலோதானே, உயிர்த்த ஞாயிற்றுக்கு முன்னால் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

அந்த நேரத்தில்தான் முள் நின்றது.

நான் இன்னும் குறைத்தேன். மத்தியானம் இரண்டு துண்டுப் பாணும் ஒரு தக்காளியும். இரவு தண்ணீராக ஒரு சூப். முள் அசையவில்லை. கோபம் வந்தது. எனக்குக் கோபம் வருவது புதினமல்ல, ஆனால் பசியோடு வந்த கோபம் வேறு சாதி. பிள்ளைகள் என்னைக் கண்டதும் தங்களுக்குள் பிரெஞ்சில் முணுமுணுத்துக்கொண்டு அறைக்குள் போய்விடுவார்கள். கணவர் நான் பார்க்காத நேரத்தில் சாப்பிடப் பழகினார். ஒரு கிழமை, இரண்டு கிழமை, ஒரு மாதம். ஜனவரிக் குளிரில் மூக்கு உறைய நடந்துவிட்டு வந்து தராசில் ஏறினால் அதே கோடு. தராசைத் தூக்கி ஜன்னலால் எறிந்தால் கீழ்வீட்டுக்காரர் பொலிசுக்குச் சொல்லுவார் என்ற ஒரே பயத்தில் எறியாமல் விட்டேன்.

இதற்கிடையில் ஒவ்வொரு பின்னேரமும் வேலை முடிந்ததும் அக்காவிடம் போவேன். அவள் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி, மேல்மாடியில் தனியாக இருந்தாள். அவளுடைய கணவர் ஊரிலேயே காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. வருத்தம் வருமுன் ஒரு கார்தெரியில் வேலை செய்தவள். பெற்றோர் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுச் செல்லும் அந்த இடத்தில் அவள்தான் சமையல். அத்தனை சின்ன வாய்களுக்கும் ஊட்டிப் பழகிய கை. வெளியே தெருவிலிருந்து அவளுடைய கதவுக்கு வளைந்து ஏறும் இரும்புப் படிகள். பனிக்காலத்தில் அதில் ஏறுவது ஒரு சிலுவைப்பாதை. ஏறி முடித்துக் கதவைத் திறந்தால் கஞ்சி வாசம் வரும்.

அது இலைக்கஞ்சி. நான் மெலியத் தொடங்கிய பிறகுதான் அவள் அதைக் காய்ச்சத் தொடங்கினாள். முருங்கையிலையும் வல்லாரையும் தமிழ்க் கடையின் உறைபெட்டியிலிருந்து வாங்குவாள். உள்ளி, மிளகு, சீரகம் எல்லாம் போட்டு, ஒரு பெரிய கோப்பை நிறைய, ஆவி பறக்க என் கையில் தருவாள். நான் பூட்ஸைக் கழற்றி முடிக்குமுன் கோப்பை வந்துவிடும். பிறகு எனக்கு எதிரே இருந்து நான் குடிப்பதைப் பார்ப்பாள். ஒரு மிடறு, அடுத்த மிடறு, கண் வாங்காமல் பார்ப்பாள்.

“ஏனக்கா என்ரை வாயையே பாத்துக்கொண்டு இருக்கிறாய்?” என்று ஒருநாள் கேட்டேன்.

“சும்மா. நீ குடி.”

அவளுக்குக் கீரை ஆகாது, தேங்காய்ப்பால் ஆகாது. கழிக்க வழியில்லாத உடம்பு என்பதால் தண்ணீர்கூட அளந்துதான். தாகம் தாங்காவிட்டால் ஒரு ஐஸ்கட்டியை வாயில் போட்டு உறிஞ்சிக்கொண்டிருப்பாள். ஜன்னலுக்கு வெளியே நகரம் முழுக்க உறைந்த தண்ணீர் கிடக்கும். உள்ளே அவளுக்கு ஒரு ஐஸ்கட்டி. இது எனக்குத் தெரியும். தெரிந்தும், நான் குடிப்பதை அவள் பார்ப்பதில் என்ன இருக்கிறது என்று யோசிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் என்னை ஒரு உணவு ஆலோசகரிடம் அனுப்பியிருந்தார்கள். உயரமான கியூபெக்காரப் பெண், என் மகளைவிடக் கொஞ்சம்தான் வயது கூட. என் ஆங்கிலமும் அவளுடைய ஆங்கிலமும் இரண்டுமே நொண்டி என்பதால் நாங்கள் நன்றாக ஒத்துப்போனோம். பெப்ரவரியில் ஒருநாள் அவள் காலை என்ன, மத்தியானம் என்ன, இரவு என்ன என்று முழுவதையும் மறுபடி கேட்டாள். நான் ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னேன். மாதாவின் மேல் சத்தியமாக ஒன்றையும் ஒளிக்கவில்லை. அவளுக்கே குழப்பமாக இருந்தது. இந்தச் சாப்பாட்டுக்கு நீங்கள் குறையத்தான் வேண்டும் என்றாள். கடைசியாக, எழும்பப் போகும்போது, மருந்து மாத்திரை ஏதும் எடுக்கிறீர்களா, வீட்டு மருந்து, மூலிகை அப்படி ஏதாவது, என்று வழக்கத்துக்குக் கேட்டாள்.

“ஓ, எடுக்கிறேன்” என்றேன். “கஞ்சி.”

அதில் என்ன இருக்கிறது என்று கேட்டாள். இலைகளைச் சொன்னேன், தலையாட்டினாள். உள்ளி, மிளகு என்றேன், அதற்கும் தலையாட்டினாள். பச்சையரிசி என்றேன். பேனாவைக் கையில் எடுத்தாள். பாசிப்பயறு என்றேன். தேங்காய்ப்பால் என்றேன். எவ்வளவு என்று கேட்டாள். முதலில் தண்ணிப்பாலில் அவிய விட்டு, இறக்கும்போது கெட்டிப்பால் விடுவது என்று செய்முறையையே விளக்கினேன். அவள் பேனாவை மெதுவாகக் கீழே வைத்தாள். கோப்பை எவ்வளவு பெரியது என்று கேட்டாள். இரண்டு கைகளாலும் காட்டினேன்.

“மேடம்,” என்றாள், “அது மருந்து இல்லை. அது இரவுச் சாப்பாடு. அதற்குப் பிறகு நீங்கள் வீட்டுக்குப் போய் இன்னொரு இரவுச் சாப்பாடு சாப்பிடுகிறீர்கள்.”

நான் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எங்கள் ஆட்களுக்குக் கஞ்சி சாப்பாட்டில் சேர்த்தி இல்லை. தவக்காலத்தில் சிலுவைப்பாதை முடிந்து கோயில் வாசலில் கஞ்சி குடித்தவரைச் சாப்பிட்டவர் என்று யாரும் சொல்வதில்லை. அவர் ஒறுத்தல் செய்தவர். காய்ச்சலென்றால் கஞ்சி, வயிறு குழம்பினால் கஞ்சி. மாதக்கணக்காக ஒன்றை வாயில் ஊற்றிக்கொண்டே, நான் அதைச் சாப்பிடவில்லை என்று மாதாவைச் சாட்சிக்கு இழுக்க என் மனதால் முடிந்திருக்கிறது. அந்த அறையிலேயே எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தொடங்கியவள் கொஞ்சநேரத்தில் அழுதேன். அந்தப் பெண் ஒரு கடதாசிக் கைக்குட்டையை நீட்டிவிட்டு, தானும் சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் இருந்தாள்.

அன்று பின்னேரம் படியேறி, பூட்ஸோடு வாசலில் நின்றபடியே அக்காவிடம் சொன்னேன். அவள் கையில் கோப்பை இருந்தது.

“எவ்வளவு கெட்டிப்பால் விடுறாய்?” என்று கேட்டேன்.

“முதல்லை கொஞ்சம்தான். நீ மெலிய மெலிய எனக்குப் பயம் பிடிச்சிட்டுது. கன்னமெல்லாம் ஒட்டிப் போச்சு. அதுதான் கூட விட்டனான்.”

“அக்கா, நான் மெலியத்தானே வேணும்! உனக்காகத்தானே!”

“ஓம், தெரியும்.” கோப்பையை மேசையில் வைத்தாள். “நீ உன்ரை உடம்பிலை ஒண்டை அறுத்துத் தரப்போறாய். அதுக்காண்டிப் பட்டினி கிடக்கிறாய். நான் என்னத்தைத் தாறது? ஒரு கோப்பை கஞ்சி. வெறும் வயிறோடை வந்து நிக்கிறவளிட்டை நான் எப்பிடி வாங்கிறது?”

அவள் அதோடு நிற்கவில்லை.

“பேந்து இன்னொண்டு. சொன்னால் சிரிப்பாய். நீ குடிக்கேக்கை எனக்குத் தொண்டை நனையிற மாதிரி இருக்கும்.”

நான் சிரிக்கவில்லை. அந்தக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போய்த் தொட்டியில் ஊற்றியது நான்தான். என் வாழ்க்கையில் எவ்வளவோ சாப்பாட்டைக் கொட்டியிருக்கிறேன், அதைப்போல் ஒன்றைக் கொட்டியதில்லை.

கதை இத்தோடு முடிந்திருக்க வேண்டும். கஞ்சியை நிறுத்தியதும் முள் தடதடவென்று இறங்கும் என்று நினைத்தேன். இறங்கியது, இரண்டு கிலோ. பிறகு மறுபடியும் நின்றுவிட்டது. இம்முறை கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. வாயில் போடுவது எல்லாம் அந்த ஆலோசகப் பெண்ணுக்குத் தெரிந்தே போட்டேன்.

அவள் எனக்கு அதை விளங்கப்படுத்தினாள். உடம்பு சின்னதாகிவிட்டால் அதற்கு வேண்டியதும் குறைகிறது, கிடைப்பது குறைந்தால் அது சிக்கனம் பிடிக்கிறது. “உங்கள் உடம்பு உங்களுக்கு எதிரி இல்லை. நீங்கள் செத்துப்போகக் கூடாது என்று அது காவல் காக்கிறது” என்றாள். பஸ்ஸில் வரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். ஊரில் சண்டை நடந்த காலத்தில் நானும் அக்காவும் ஒரு கோயில் மண்டபத்தில் பல நாள் ஒருநேரக் கஞ்சியோடு கிடந்தோம். அப்போது எங்களைக் கொண்டுவந்து கரை சேர்த்தது இதே உடம்புதான். கிடைத்த ஒவ்வொரு பருக்கையையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. நாங்கள் மொன்றியல் வந்து சேர்ந்த செய்தி அதற்கு இன்னும் போய்ச் சேரவில்லை. மறுபடி பஞ்சம் வந்துவிட்டது, இவளை எப்படியும் காப்பாற்ற வேண்டும் என்று, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், இரவும் பகலும் வேலை செய்துகொண்டிருக்கிறது. நாற்பது வருடத்துக்கு மேல் அதோடு இருந்தும் அன்றுதான் நான் அதைப் பார்த்து அதிசயப்பட்டேன். ஜன்னலில் தெரிந்த என் முகத்துக்கு முன்னால் என் கையை நானே தடவிக் கொடுத்தேன். பக்கத்தில் இருந்த கிழவி எழும்பி வேறு இருக்கைக்குப் போனாள்.

அதிசயம் வேறு, பொறுமை வேறு. தவக்காலம் தொடங்கியும் முள் அங்கேயே நின்றது. கடைசி ஆறு கிலோ. ஒருநாள் அக்கா வீட்டுக் கதிரையில் விழுந்து, “என்னாலை ஏலாது அக்கா. வேறை ஆரையும் பாப்பம்” என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது. வேறு யாரும் இல்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

அக்கா கோபிக்கவில்லை. எழும்பிப் போய்த் தன் குளிர்க்கோட்டை எடுத்தாள். அது இயந்திரத்துக்குப் போன நாளுக்கு அடுத்த நாள், உடம்பில் கொஞ்சம் சீவன் இருக்கும் நாள். “வா” என்றாள்.

“எங்கை?”

“நடக்க. உனக்குக் கஞ்சிதான் தர ஏலாது. காலைத் தரலாம்தானே.”

இரும்புப் படிகளில் கைபிடியைப் பிடித்துப் பிடித்து, ஒவ்வொரு படியாக இறங்கினாள். நடைபாதையில் பாதி பனி, பாதி சேறு. ஒடுங்கிய வழி என்பதால் ஒருவர் பின்னால் ஒருவராகத்தான் போகலாம். அவள் முன்னால் போனாள். சில வீடுகள் தாண்டியதும் நின்று, யாரோ ஒருவரின் ஜன்னல் திரைச்சீலையை அக்கறையாகப் பார்ப்பாள். மூச்சு வாங்குகிறாள் என்று எனக்குத் தெரியாதாம். பிறகு மறுபடி நடப்பாள். ஒரு தப்பனேர் வந்தது, பாலும் சிகரெட்டும் விற்கும் மூலைக்கடை. அங்கே போய்ச் சூடு பிடித்துக்கொண்டு திரும்புவோம் என்றேன். அதைத் தாண்டி அடுத்த மூலைவரை போனாள். நான் அந்தப் பழைய பழுப்புக் கோட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். தண்ணீர்கூட அளந்து குடிக்கிற ஒரு உடம்பு, நஞ்சு ஏறி ஏறி இறங்குகிற ஒரு உடம்பு, என்னை இழுத்துக்கொண்டு போகிறது. என் கால் வலிக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடவுளே, இது என்ன மனுஷி என்று மட்டும் நினைத்தேன்.

அதற்குப் பிறகு அவளுக்கு ஏலுமான நாளெல்லாம் நடந்தோம். ஏலாத நாளில் அவள் படிகளின் உச்சியில் போர்வையைச் சுற்றிக்கொண்டு இருப்பாள், நான் தெருவைச் சுற்றிவிட்டு வந்து கையைக் காட்டிவிட்டு அடுத்த சுற்றுப் போவேன். தராசைக் கணவர் எங்கோ ஒளித்து வைத்தார். நான் தேடவில்லை. உணவு ஆலோசகப் பெண்ணும் என் சாப்பாட்டைக் குறைக்காமல் கொஞ்சம் கூட்டினாள். மீனும் பருப்பும் சேர்க்கச் சொன்னாள். பயப்படாதே, பஞ்சம் முடிந்தது என்று என் உடம்புக்குச் சொல்கிறாள் என எடுத்துக்கொண்டேன்.

உயிர்த்த ஞாயிறு கழிந்து ஆஸ்பத்திரித் தராசில் ஏறியபோது முள் நகர்ந்திருந்தது. பெரிதாக ஒன்றுமில்லை. அந்தப் பெண் மறுபடி ஏறச் சொன்னாள், ஏறினேன், அதையே காட்டியது. அவள் என்னைக் கட்டிப்பிடித்தாள். பிறகு பனி கரைந்தது, வாசல்களில் கதிரைகள் வந்தன, நாங்கள் நடக்கும் தூரம் நீண்டது, மிச்சக் கிலோக்களும் ஒவ்வொன்றாகப் போயின. ஆடி மாதம் முடியுமுன் டொக்டர் நாள் குறித்தார்.

சத்திரசிகிச்சை முடிந்து நான் கண் விழித்தபோது டொக்டர் கட்டிலருகே நின்றார். இரத்தக் குழாயைப் பொருத்திவிட்டதும், தையல் போட்டு மூடுமுன்பே, உங்கள் சிறுநீரகம் அங்கே வேலையைத் தொடங்கிவிட்டது என்றார். அவர் இதை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருப்பார், ஆனாலும் முகத்தில் ஒரு சின்னப் பிள்ளையின் சந்தோஷம் இருந்தது. ஒரு உடம்பிலிருந்து வெட்டி எடுத்து, ஐஸில் வைத்து, இன்னொரு உடம்பில் வைத்தால், அது எங்கே வந்திருக்கிறோம் என்று கேட்காமல் விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறது. அவ்வளவு காலம் எனக்காகப் பிடிவாதம் பிடித்த உடம்பின் ஒரு துண்டு, இப்போது அவளுக்காகப் பிடிவாதம் பிடிக்கப் போயிருக்கிறது.

மூன்றாம் நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கூனிக் கூனி, அக்காவின் அறைக்குப் போனேன். அவள் சாய்ந்து இருந்தாள். முகத்தின் சாம்பல் நிறம் போயிருந்தது. என்னைக் கண்டதும் கட்டிலின் கீழே தொங்கிய, சிறுநீர் சேரும் பையைக் காட்டினாள். அது முக்கால்வாசி நிறைந்திருந்தது. “பாரடி, எவ்வளவு!” என்றாள், மடியில் கிடக்கும் குழந்தையைக் காட்டுபவளைப்போல். இரண்டு பேரும் சிரிக்கப் போய், தையல் இழுத்து, இரண்டு பேரும் ஐயோ என்றோம்.

தாதி ஒரு பெரிய கண்ணாடிக் குவளையில் தண்ணீர் கொண்டுவந்து வைத்து, குடியுங்கள், எவ்வளவு குடிக்க முடியுமோ அவ்வளவும் குடியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். அக்கா குவளையை இரண்டு கைகளாலும் எடுத்தாள். முதலில் பழக்கதோஷத்தில் உதட்டை மட்டும் நனைத்தாள். பிறகு ஒரு மிடறு. பிறகு கண்ணை மூடிக்கொண்டு, நிறுத்தாமல், தொண்டை ஏறி இறங்க, முழுவதையும் குடித்தாள். தாடையில் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை.

கண்ணைத் திறந்தபோது நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஏனடி என்ரை வாயையே பாத்துக்கொண்டு நிக்கிறாய்?” என்றாள்.

“சும்மா அக்கா,” என்றேன். “நீ குடி.”

வெறும் குவளையை என்னிடம் நீட்டினாள். நான் அதை மேல்விளிம்புவரை நிரப்பிக் கொடுத்தேன்.